மலை இறங்கி ரயில் ஏறும் முன்...

திருப்பதி, சித்தூர் வழியாக நெடுந்தூரம் போகிறவர்கள் உடம்பு நோகாமல் ஊர் சேர என்ன செய்யலாம்?

பொழுது சாயும் நேரத்தில் திருப்பதி ரயில் நிலையத்துக்குள் போய்ப் பாருங்கள். பத்மாவதி, நாராயணாத்ரி, வெங்கடாத்ரி என்று ஹைதராபாத் பக்கம் போகிற ரயில்களுக்காகக் குடும்பம் குடும்பமாகக் காத்திருக்கிறார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துபோன குழந்தைகள் துண்டை விரித்துத் தரையிலேயே தூங்குகின்றன. லட்டுப் பையை மடியில் வைத்தபடி பாட்டிகள் தூணில் சாய்ந்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கணுக்காலைத் தேய்த்துக்கொள்கிற பெண்களை எண்ணி மாளாது. ரயில் வந்து நின்றதும் எல்லோரும் அடித்துப் பிடித்து ஏறுகிறார்கள். அடுத்த ஐந்தாவது நிமிடம் பெட்டிக்குப் பெட்டி ஒரே பேச்சு: “சார், அம்மாவுக்கு அப்பர் பெர்த் வந்துடுச்சு. கொஞ்சம் மாத்திக் கொடுக்க முடியுமா?”

இந்தக் காட்சிக்கு நாள் கிழமை கிடையாது. வேறு ஊர்களில் பயணிகள் ஓய்வெடுத்த உடம்போடு வந்து ரயில் ஏறுகிறார்கள். திருப்பதியில் அப்படி இல்லை. அலிபிரி வழியாக நடந்தவர் 3,550 படி ஏறியிருப்பார். ஸ்ரீவாரி மெட்டு வழியாகப் போயிருந்தால் 2,388 படி. வண்டியில் போனவரும் மேலே வெறுங்காலோடு வரிசையில் மணிக்கணக்கில் நின்றிருப்பார். முந்தின இரவு சரியான தூக்கம் இருந்திருக்காது. அந்த உடம்போடுதான் பத்துப் பன்னிரண்டு மணி நேர ரயில் பயணம் தொடங்குகிறது. நெடுந்தூர ரயிலில் சௌகரியம் என்றதும் பலரும் ஏ.சி. டிக்கெட்டைத்தான் நினைக்கிறார்கள். ஸ்லீப்பரில் நிம்மதியாகத் தூங்கி இறங்குகிறவர்களும் உண்டு, ஏ.சி.யில் விடிய விடியப் புரள்கிறவர்களும் உண்டு. வித்தியாசம் பெரும்பாலும் ரயில் ஏறுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

தரிசனத்துக்கும் ரயிலுக்கும் நடுவே

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தரிசனம் முடிகிற அன்றே ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். தரிசன டோக்கனில் போட்டிருக்கும் நேரம் வரிசையில் சேர வேண்டிய நேரம்தான். வெளியே வருகிற நேரத்தை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதன் பிறகு லட்டு கவுன்ட்டர், செருப்பு, அறைச் சாவி, கீழே இறங்கும் பஸ் என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் போகும். மலையிலிருந்து ரயில் நிலையம் வர ஒரு மணி நேரமாவது பிடிக்கும். இதையெல்லாம் ஒரே மாலைக்குள் அடைத்தால் ஓட்டமும் பதற்றமும்தான் மிஞ்சும்.

ஒரு ராத்திரி கீழே தங்கிவிட்டு மறுநாள் ரயில் ஏறுவதே புத்திசாலித்தனம். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே தேவஸ்தானத்தின் விஷ்ணு நிவாசம் இருக்கிறது. பஸ் நிலையத்தின் எதிரே ஸ்ரீநிவாசம். அறை கிடைக்காவிட்டால், கையில் இருக்கும் பி.என்.ஆர். எண்ணை வைத்து ரயில் நிலைய ஓய்வறையை ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் பதிவு செய்து பார்க்கலாம். எதுவுமே அமையவில்லை என்றாலும் ரயில் ஏறும் முன் குளித்து, உடை மாற்றி, காலை நீட்டி இரண்டு மணி நேரம் படுங்கள். அந்த இரண்டு மணி நேரம் ராத்திரிப் பயணத்தையே மாற்றிவிடும்.

அறுபது நாள் கணக்கு

முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். நாலு மாதம் முன்னால் யோசித்தே பழகிய குடும்பங்களுக்கு ஆரம்பத்தில் இது குழப்பம். ஆனால், தரிசன டிக்கெட் தேதி கையில் வந்த பிறகு ரயிலைத் தேடுகிறவர்களுக்கு இதில் லாபமும் இருக்கிறது. முன்பெல்லாம் தேதி தெரிவதற்குள் ரயில் நிறைந்துவிடும். இப்போது தரிசன டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, 60-வது நாள் காலை 8 மணிக்கு ரயில் பதிவுக்கு உட்காரலாம்.

தட்கலை மட்டுமே நம்பிப் பயணத்தைத் திட்டமிடுவது கூடாது. 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்பு இல்லாத கணக்கிலிருந்து ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியாது. டிக்கெட் எடுக்கிற அன்று காலை பத்து மணிக்கு ஆதாரை இணைக்க முயன்றால் ஓ.டி.பி. வருவதற்குள் டிக்கெட் போய்விடும். இன்றே இணைத்து வையுங்கள்.

காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏறி, ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருப்பதும் இனி நடக்காது. கவுன்ட்டரில் வாங்கிய காத்திருப்பு டிக்கெட்டுக்கும் முன்பதிவுப் பெட்டியில் இடமில்லை. அபராதம் கட்டி, பொதுப் பெட்டிக்கு இறங்கிப் போக வேண்டியிருக்கும். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால், முறையாகப் பதிவு செய்தவரின் காலடியில் நாலு பேர் உட்கார்ந்திருந்த காலத்தில் யாருமே தூங்கவில்லை. இந்த விதி சரியானது என்பதே என் எண்ணம். கூடவே பொதுப் பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால்தான் அது நியாயமாகவும் இருக்கும்.

பெட்டிச் செய்தி: டிக்கெட் எடுக்கும்போது

● தட்கல்: முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏ.சி., 11 மணிக்கு ஸ்லீப்பர்.

● 5 முதல் 12 வயதுக் குழந்தைக்குத் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் அரைக் கட்டணம். ராத்திரிப் பயணத்தில் பத்து வயதுப் பிள்ளையோடு ஒரே பெர்த்தில் படுத்தால் இருவருக்குமே தூக்கம் இருக்காது. முழு டிக்கெட்டே எடுத்துவிடுங்கள்.

● ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணத்தைக் கைவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ரயில் கிளம்புவதற்குள் ஆன்லைனில் டி.டி.ஆர். என்ற பணம் திரும்பக் கோரும் விண்ணப்பத்தைப் பதிய வேண்டும்.

● பயணிகள் பட்டியலான சார்ட் முன்பு ரயில் கிளம்ப நாலு மணி நேரம் இருக்கும்போதுதான் தயாராகும். 2025-லிருந்து வெகு முன்னதாகவே தயாராகிவிடுகிறது. ஏறும் நிலையத்தை மாற்ற நினைத்தால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

எந்த பெர்த் நல்ல பெர்த்?

ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் பெர்த் எண்ணை எட்டால் வகுத்துப் பாருங்கள். மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ் பெர்த். 2, 5 நடு பெர்த். 3, 6 மேல் பெர்த். 7 வந்தால் பக்கவாட்டுக் கீழ் பெர்த், மீதி இல்லாவிட்டால் பக்கவாட்டு மேல் பெர்த். இப்போதைய எல்.எச்.பி. ஸ்லீப்பர் பெட்டியில் 80 பெர்த்துகள். முதல் எட்டும் கடைசி எட்டும் கதவுக்கும் கழிப்பறைக்கும் பக்கத்தில் இருப்பவை. ராத்திரி முழுக்கக் கதவு அடிபடும், வாடை வரும், சக்கரத்தின் அதிர்வும் அங்கேதான் அதிகம். முப்பதிலிருந்து ஐம்பது வரை கிடைத்தால் யோகம். உயரமானவர்கள் பக்கவாட்டு பெர்த்தைத் தவிர்ப்பது நல்லது. கால் நடைபாதையில் நீளும், போகிறவர் வருகிறவர் எல்லாம் இடிப்பார்கள்.

கீழ் பெர்த் கிடைக்க ஒரு வழி இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. 60 வயதான ஆண்கள், 45 வயதான பெண்கள், கர்ப்பிணிகளுக்கென்று ஒவ்வொரு ஸ்லீப்பர் பெட்டியிலும் ஆறேழு கீழ் பெர்த்துகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால், ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அந்த ஒதுக்கீட்டில் பதிய முடியும். குடும்பம் முழுக்க ஒன்றாக உட்கார வேண்டும் என்று ஆறு பேருக்கும் ஒரே டிக்கெட் எடுக்கிறோம். அம்மாவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கீழ் பெர்த் அங்கேயே கைவிட்டுப் போகிறது. அப்பா, அம்மா இருவருக்கும் மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் தனி டிக்கெட் எடுங்கள். பெட்டி ஒன்றிரண்டு தள்ளிப் போனாலும் பரவாயில்லை. இரும்பு ஏணியில் முட்டி மடக்கி ஏறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நடு பெர்த்துக்காரர் இரவு 10 முதல் காலை 6 வரைதான் அதை விரிக்கலாம். மற்ற நேரத்தில் கீழ் பெர்த் எல்லோரும் உட்காருகிற இடம். கீழே இருப்பவர் வயதானவர், உடம்பு முடியாதவர் என்றால் அவரை முன்னதாகப் படுக்கவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் மரியாதை.

படுக்கும் முன் பெர்த்தின் சங்கிலியும் கொக்கியும் சரியாக மாட்டியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். 2024 ஜூனில் எர்ணாகுளம்–நிஜாமுதீன் ரயிலில் மேலிருந்த பெர்த் விழுந்து, கீழே படுத்திருந்த கேரளப் பயணி ஒருவர் உயிரிழந்தார். சங்கிலி சரியாக மாட்டப்படவில்லை என்றது ரயில்வே. இழுத்துப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

சித்தூர்க்காரர்களின் கணக்கு

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. ஆனாலும், சித்தூர் மக்களின் ரயில் வாழ்க்கை இன்னமும் திருப்பதியையும் காட்பாடியையும் சுற்றித்தான் இருக்கிறது. திருப்பதியிலிருந்து சந்திரகிரி, பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி வரை போகும் பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் மீட்டர்கேஜாகப் போடப்பட்டது. அகலப் பாதையாக மாறியும் ஒற்றைத் தண்டவாளமாகவே இருந்துவருகிறது. இந்த 104 கிலோமீட்டரை 1,332 கோடி ரூபாயில் இரட்டைப் பாதையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. வேலை முடிகிற வரை எதிர் ரயிலுக்காக நடுவழியில் நிற்பதைத் தவிர்க்க முடியாது.

இதில் பயணிக்குப் பாடம் இருக்கிறது. சித்தூரிலிருந்து வந்து காட்பாடியில் கோவைக்கோ பெங்களூருக்கோ ரயில் மாறுகிறவர்கள் நடுவில் அரை மணி நேரம் போதும் என்று நினைக்கக் கூடாது. இரண்டு மணி நேரமாவது வேண்டும். வேலூர் சி.எம்.சி.க்கு நோயாளியை அழைத்துப் போகிறவர்கள் மருத்துவரின் நேரத்துக்கு முந்தின நாளே போய்விடுவது நல்லது.

டிக்கெட் தேடும்போது திருப்பதி என்ற ஒரே பெயரில் நின்றுவிடாதீர்கள். சென்னை–மும்பைப் பாதையில் போகும் ரயில்கள் பல திருப்பதிக்குள் வராமல் ரேணிகுண்டாவில் நின்றுவிட்டுப் போய்விடும். அது பத்து கிலோமீட்டர்தான், பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உண்டு. வெங்கடாத்ரியைப் போல சித்தூரில் கிளம்பும் ரயிலில், திருப்பதியிலிருந்து இடம் இல்லை என்று காட்டினாலும் சித்தூரிலிருந்து இருக்கக்கூடும். சித்தூரிலிருந்தே டிக்கெட் எடுத்து, ஏறும் நிலையத்தைத் திருப்பதி என்று முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமல் திருப்பதியில் ஏறினால் பெர்த்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கட்டுச்சோறும் தண்ணீரும்

ரயிலில் படுகிற அவதியில் பாதி வயிற்றுக் கோளாறுதான். நம் வீட்டுப் பெரியவர்கள் கட்டுச்சோற்றில் தேர்ந்தவர்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

முதல் வேளைக்குத் தயிர் சாதம். காய்ச்சி ஆறவைத்த பாலில் சாதத்தைப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால் ராத்திரி எட்டு மணிக்குப் புளிக்காமல் பதமாக இருக்கும். இரண்டாம் வேளைக்குப் புளியோதரை. சாதத்தை முழுக்க ஆறவிட்ட பிறகே கட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே தண்ணீராகி ஊசிப்போகும். இட்லிக்கு மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் இரு பக்கமும் தடவி, வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். தேங்காய்ச் சட்னியைத் தொடவே வேண்டாம். வெயில் காலத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் அது நம்பத்தக்கதல்ல. பிரசாத லட்டையும் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைக்காதீர்கள். வேர்த்துப் பூசணம் பிடிக்கும். காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகும் அட்டைப் பெட்டியில் வைத்தால் ஊர் போய்ப் பங்கு போடுகிற வரை தாங்கும்.

டெல்லி வரை போகிறவர்கள் மூன்றாவது வேளையிலிருந்து வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும். விஜயவாடா, நாக்பூர், போபால் போன்ற பெரிய நிலையங்களில் பி.என்.ஆர். எண் கொடுத்து ஐ.ஆர்.சி.டி.சி. வழியாக உணவு வரவழைக்கலாம், இருக்கைக்கே வரும். வண்டிக்குள் வாங்கினால் பில் கேளுங்கள். பில் தராவிட்டால் பணம் தர வேண்டியதில்லை என்பது ரயில்வேயே அறிவித்த விதி. ரயில் நீர் ஒரு லிட்டர் பாட்டிலின் விலை 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் 139-ல் புகார் செய்யலாம்.

தண்ணீர் விஷயத்தில் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் பன்னிரண்டு மணி நேரம் வருகிறவர்கள் ஏராளம். ஊர் போய்ச் சேர்ந்ததும் தலைவலி, நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று என்று அவதிப்படுகிறார்கள். தரிசன வரிசையிலும் இதே பயத்தில் குடிக்காமல் நின்றவர்கள்தான் இவர்கள். மலையில் ஒரு நாள், ரயிலில் ஒரு ராத்திரி என்று உடம்பு தொடர்ந்து காய்கிறது. தயவுசெய்து குடியுங்கள். ஒரு சோப்புத் துண்டு, டிஷ்யூ, ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் கையோடு இருந்தால் பாதிப் பயம் போய்விடும். எல்லோரும் எழுந்திருக்கும் ஆறு மணிக்கு முன்பே, ஐந்து மணிக்குப் போய்விடுங்கள். கழிப்பறை அசுத்தமாக இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வராமல், பெட்டி எண்ணையும் பி.என்.ஆரையும் சொல்லி 139-ல் புகார் கொடுங்கள். சுத்தம் செய்ய வண்டியிலேயே ஆள் இருக்கும் ரயில்கள் உண்டு. யாரும் கேட்காததால் வராமல் இருப்பதும் நடக்கிறது.

நாக்பூர் தாண்டினால் வேறு ஊர்

திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி போகும் கேரளா எக்ஸ்பிரஸ் காட்பாடி, சித்தூர், திருப்பதி வழியாகப் போகிறது. மொத்தம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். திருப்பதியில் ஏறுகிறவருக்கே ஏறக்குறைய ஒன்றரை நாள் பயணம். டிசம்பர், ஜனவரியில் திருப்பதியில் ஏறும்போது மின்விசிறி தேவைப்படும். நாக்பூர், இடார்சி தாண்டிய ராத்திரியில் ஜன்னல் இடுக்கு வழியாக வருகிற காற்று பல்லைக் கிட்ட வைக்கும். ஸ்லீப்பரில் போர்வை தர மாட்டார்கள். கம்பளி, காதை மூட ஒரு துண்டு, காலுறை மூன்றும் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், பெட்டியின் அடியில் அல்ல. மே மாதத்தில் கதை தலைகீழ். கூரைச் சூடு நேராக இறங்குவதால் மேல் பெர்த்தில் பகல் பொழுதைக் கழிக்க முடியாது. பருத்தி உடை, நனைத்துப் பிழிந்த துண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் அவசியம்.

உட்கார்ந்தே போகிறவர்களுக்கு

2023 ஏப்ரல் 8-ல் தொடங்கிய செகந்திராபாத்–திருப்பதி வந்தே பாரத், ராத்திரிப் பயணத்தைப் பகல் பயணமாக மாற்றிவிட்டது. எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கையிலேயே இருக்க வேண்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. விமானத்துக்கு மட்டும் இல்லை, ரயில், பஸ், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தனி மனிதருக்கு அபாயம் மிகச் சிறியதுதான். ஆனாலும் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், கர்ப்பிணிகள், உடல் பருமன் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மணிக்கொரு முறை எழுந்து பெட்டியின் கடைசி வரை நடந்துவிட்டு வாருங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குவதும் போதும்.

பெட்டிச் செய்தி: ராத்திரி பத்து மணிக்கு மேல்

● பெரிய விளக்குகளை அணைக்க வேண்டும். செல்போனில் சத்தமாகப் பாட்டு, வீடியோ கூடாது.

● கீழ் பெர்த்தின் அடியில் இருக்கும் வளையத்தில் சங்கிலி போட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள். பணம், மருந்து, சர்க்கரை நோயாளியின் பிஸ்கட் ஆகியவை தலைமாட்டுச் சின்னப் பையில்.

● சார்ஜ் பாயின்ட்டுகளுக்கு இரவு 11 முதல் காலை 5 வரை மின்சாரத்தை நிறுத்தும் வழக்கம் உண்டு. படுக்கும் முன்பே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

● தனியாகப் போகும் பெண்களுக்காக ரயில்வே பாதுகாப்புப் படையின் ‘மேரி சஹேலி’ திட்டம் 2020 முதல் நடக்கிறது. உதவி எண் 139.

கீழ் பெர்த் யாருடையது?

இவ்வளவையும் ஒரு இளைஞர் தனக்காகச் செய்துகொள்ளலாம். எழுபது வயதுப் பாட்டிக்கு ஆன்லைனில் எட்டு மணிக்கு உட்காரத் தெரியாது, ஒதுக்கீட்டு விதி தெரியாது. 2020 மார்ச் வரை 60 வயதான ஆண்களுக்கு 40 சதவிகிதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவிகிதமும் கட்டணச் சலுகை இருந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தியது, கொரோனா போன பிறகும் திரும்ப வரவில்லை. அதன் விளைவைத் திருப்பதி பிளாட்பாரத்தில் கண்ணால் பார்க்கலாம். மூன்றடுக்கு ஏ.சி.யில் போகக்கூடியவர்கள் ஸ்லீப்பருக்கும், ஸ்லீப்பரில் போனவர்கள் பொதுப் பெட்டிக்கும் இறங்கியிருக்கிறார்கள். வாழ்நாள் வேண்டுதலை நிறைவேற்ற வருகிறவர்களில் பெரும்பகுதியினர் வயதானவர்கள்தான். அவர்களின் முட்டிவலிக்குக் கீழ் பெர்த் ஆடம்பரம் ஆகாது.

குறைந்தபட்சம் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலுமாவது இந்தச் சலுகையைத் திரும்பத் தரலாம் என்று ரயில்வே தொடர்பான நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிந்துரைத்திருக்கிறது. ரயில்வே அதை ஏற்க வேண்டும். அது நடக்கிற வரை, கீழ் பெர்த்தில் இருக்கும் இளைஞர்களே, மலை இறங்கி வந்த பெரியவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே எழுந்து இடம் கொடுங்கள்.